தோட்டத்து வீட்டுக்கு நீச்சல் குளம்: வாங்கலாமா, வேண்டாமா?

பல்லடம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்களின் பட்டியலில் நீச்சல் குளமும் சேர்ந்துவிட்டது. கோழிப்பண்ணையும் விசைத்தறியும் கொடுத்த காசு, கொளுத்தும் சித்திரை வெயில், லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தாத்தா காலத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும். இன்று ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தொட்ட ஊரில் அந்தக் கிணறுகள் பலவும் வறண்டு கிடக்கின்றன. ஆசை நியாயமானதுதான். ஆனால் விற்க வருகிறவர் டைல்ஸையும் விளக்கையும் காட்டுவார். நாம் பார்க்க வேண்டியது தண்ணீரையும் மோட்டார் ரூமையும்.

பெரியப்பா வீட்டுக் குளம்தான் நான் ஓட்டிப் பார்த்தது. கோடையிலும் ஆடிக் காற்றிலும் அதன் பராமரிப்பு என் கையில் இருந்தது. 24 அடி நீளம், 12 அடி அகலம், ஒரே சீராக 4 அடி ஆழம், கான்கிரீட் கட்டுமானம், சின்னக் கண்ணாடிச் சில்லு டைல்ஸ். கொள்ளளவு சுமார் 32,000 லிட்டர்.

எந்த வகை?

சந்தையில் மூன்று வகை உண்டு. கான்கிரீட் குளத்தை நினைத்த வடிவில் கட்டலாம், ஆயுள் அதிகம். கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். ஃபைபர் குளம் தொழிற்சாலையிலேயே முழுத் தொட்டியாக வார்க்கப்பட்டு டிரெய்லரில் வரும். குழி தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், வழுவழுப்பான பரப்பில் பாசியும் எளிதில் ஒட்டாது. ஆனால் பன்னிரண்டு அடி அகலத் தொட்டி உங்கள் இட்டேரிக்குள் திரும்புமா என்று முதலில் அளந்து பாருங்கள். மூன்றாவது, வினைல் விரிப்பு போட்டது. ஆரம்பச் செலவு குறைவு. நம் வெயிலுக்கு விரிப்பைச் சில வருடங்களில் மாற்ற வேண்டிவரும்.

மண்ணும் முக்கியம். செம்மண்ணும் கரட்டு நிலமும் என்றால் கவலை குறைவு. கரிசல் என்றால் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிச் சுவரை நெருக்கும். பொறியாளரிடம் மண் பரிசோதனை செய்யாமல் கடப்பாரை போட வேண்டாம். எந்த வகையானாலும் மழைக்காலத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்யக் கூடாது. சுற்றியுள்ள ஈரத்தின் அழுத்தம் வெற்றுத் தொட்டியை மேலே தூக்கிவிடும். ஃபைபரில் இந்த ஆபத்து அதிகம்.

கான்கிரீட் என்றால் டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள். படிக்கட்டில் ஒரு வாளியை வைத்து, குளத்து மட்டத்துக்கே அதிலும் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் கோடு போட்டுவிடுங்கள். மறுநாள் வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்தது.

மோட்டார் ரூம்

ஒரு ஹெச்.பி. மோட்டார், மணல் வடிகட்டி, அதன் தலையில் ஆறு நிலை வால்வு. தினமும் ஆறு மணி நேரம் ஓட்டினால் மொத்தத் தண்ணீரும் ஒருமுறையாவது மணலைக் கடந்துவிடும். அழுக்கு சேரச் சேர அழுத்தமானியின் முள் ஏறும். அப்போது மோட்டாரை நிறுத்தி, வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட வேண்டும். பக்கத்திலுள்ள சின்னக் கண்ணாடிக் குமிழில் முதலில் டீ நிறத்தில் கலங்கல் ஓடும். இரண்டு மூன்று நிமிடத்தில் தெளியும். மோட்டார் ஓடும்போது வால்வைத் திருப்பினால் உள்ளே இருக்கும் வாஷர் போய்விடும். இதைப் பழகுவது சுலபம். வேலையாளிடம் விட்டுவிட்டு மறந்துபோவது அதைவிடச் சுலபம். அங்கேதான் குளங்கள் பச்சையாகின்றன.

உப்புத் தண்ணீர்தான் வில்லன்

நிறுவனத்தின் கையேட்டில் கடினத்தன்மை 200 முதல் 400 பி.பி.எம். வரை இருக்கலாம் என்று போட்டிருக்கும். நம் போர் தண்ணீர் பல இடங்களில் நிரப்பும் அன்றே அதைத் தாண்டிவிடும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான். சுண்ணாம்பு அப்படியே தங்கும். நாம் ஊற்றும் ஈட்டுத் தண்ணீரும் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கொண்டுவரும். கொஞ்ச காலத்தில் நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் வெள்ளைக் கோடு விழும். விரல் நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும், விட்டுவைத்தால் கல்லாகும்.

இதற்குக் கைகண்ட வழிகள் இரண்டு. ஆசிட் விட்டு கார-அமில அளவை (pH) 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் பிடித்துவைப்பது ஒன்று. மாடி மழைநீரைக் குளத்துக்குத் திருப்புவது இன்னொன்று: ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் மென்னீர் இலவசம்.

குளோரின் வகையையும் தண்ணீரைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் இருக்கிற சுண்ணாம்போடு இன்னும் சேர்க்கும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவி கேட்க நன்றாக இருக்கும். நம் தண்ணீரில் அதன் தகடுகளில் அடிக்கடி சுண்ணாம்பு படியும். அந்தக் குளத்துத் தண்ணீரை வாழைக்கும் விட முடியாது. ப்ளீச்சிங் பட்டறைகளுக்குப் பழக்கமான திரவ ஹைப்போவே (சோடியம் ஹைப்போகுளோரைட்) இங்கே தோது. வெயிலில் வீரியம் இறங்கும் என்பதால் சின்ன கேனாக வாங்கி நிழலில் வையுங்கள். ஆசிட்டையும் ஹைப்போவையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

குளோரின் வாடை மூக்கைத் துளைத்தால் மருந்து அதிகம் என்று நினைப்போம். பெரும்பாலும் நேர்மாறு: வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செலவழிந்த குளோரினின் வாடை அது. மூக்கை நம்பாமல் சோதனைப் பெட்டியை நம்புங்கள்.

காற்றும் கரண்டும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குக் குளத்துத் தண்ணீர் எம்மாத்திரம்? நாளுக்கு 6 மில்லிமீட்டர் இறங்கினாலே இந்த அளவுக் குளத்தில் 160 லிட்டர் போகும். மாதம் ஏறக்குறைய 4,800 லிட்டர். ஏழு மாதத்துக்குள் ஒரு குளத்துத் தண்ணீர் முழுதும் வானத்துக்கு. கூடவே மண், சருகு, தென்னம்பூ. மூடுவிரிப்பு இரண்டையும் பெருமளவு தடுக்கும். குளத்தோடு சேர்த்தே வாங்க வேண்டிய பொருள் அது. விலைப்பட்டியலில் கடைசியில் ஒளிந்திருக்கும்.

கரண்ட், மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். தினம் ஆறு மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட் குளத்துக்கே போனால், வீட்டு உபயோகமும் சேர்ந்து 500-ஐத் தாண்டி மேல் கட்டணத்துக்குள் போய்விடும். இலவச விவசாய இணைப்பில் ஓட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அது விதிமீறல், அபராதம் வரும்.

பாதுகாப்பு

நாலு பக்கமும் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. இதில் பேரம் கிடையாது. அடியில் உறிஞ்சும் துளை ஒன்று மட்டும் இருந்தால் குழந்தையின் முடியோ கையோ ஒட்டிக்கொள்ளும். தள்ளித்தள்ளி இரண்டு துளை கேளுங்கள். நீருக்கடியில் விளக்கு 12 வோல்ட்தான், மோட்டார் லைனுக்குக் கட்டாயம் கசிவு மின் துண்டிப்பான்.

எதிர்ப் போட்டி

பல தோட்டங்களில் போர் தண்ணீரைத் தேக்கிச் சொட்டுநீருக்கு விடும் சிமெண்ட் தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. குளம் கட்டிய கொத்தனாரே பெரியப்பாவிடம் கேட்டார்: “ஏனுங்க, தொட்டியையே பெருசா கட்டீட்டா தென்னைக்கும் ஆச்சு, பசங்க குளிக்கவும் ஆச்சுங்களே?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. தினமும் காலியாகி நிரம்பும் தொட்டிக்கு வடிகட்டி வேண்டாம், ஆவியானது போக மிச்சமெல்லாம் மரத்துக்கு. ஆனால் தேங்கவிட்டால் கதை வேறு. 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் பல உயிர்களை எடுத்தது. குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீர் அந்தக் கிருமிக்கு இருப்பிடம். நாள்தோறும் மாறாத தொட்டியில் பிள்ளைகளை இறக்காதீர்கள். வேலி அதற்கும் வேண்டும்.

தீர்ப்பு

பிடித்தது: கோடை மாலையில் மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் கூடுவது, வீட்டிலேயே நீச்சல் பழகுவது. பிடிக்காதது: சுண்ணாம்பு, காற்று, ஓயாத பராமரிப்பு. மதிப்பெண் 5-க்கு 3.

கோடையிலும் வற்றாத போர், மாடி மழைநீர், தினமும் அரைமணி நேரம் குளத்தைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள்: மூன்றும் இருந்தால் 24-க்கு 12-ஐத் தாண்டாமல் கட்டுங்கள். சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கித்தான் தென்னையைக் காப்பாற்றுகிறீர்கள் என்றால், இப்போதைக்குக் குளம் வேண்டாம். அந்தக் காசில் தொட்டியைப் பெரிதாக்குங்கள்.