தோல், தீ, திருகாணி

பழைய வாத்தியத்தைச் செப்பனிடும்போது அதன் காலத்துப் பொருள்களையே உபயோகிக்க வேண்டும் என்ற கொள்கையை நான் முழுசாக ஏற்பதற்கில்லை. எலெக்ட்ரிக் கிடார்க்காரர்களிடம் இது ஒரு வழிபாடாகவே ஆகிவிட்டது. 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் பூச்சிலிருந்து திருகாணி வரை தேடி அலைகிறார்கள். 1982இல் அந்தக் கம்பெனியே தன் 1957, 1962 மாதிரிகளைத் திரும்பச் செய்து விற்றது. 1995 முதல் புதுக் கிடாரில் கீறலும் தேய்மானமும் உண்டாக்கி விற்கிறது. கடந்த காலம் சரக்காகிவிட்டது; போகட்டும். பழைய திருகாணி யாரையும் ஊருக்கு வெளியே நிறுத்தியதில்லை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வாடிப்பட்டியின் மேளம் மதுரைப் பக்கம் பிரசித்தம். அதில் தப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேப்பமர வளையம், கன்றுத்தோல், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. அடிக்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் நாதம் எழும். ஆறினால் தொய்யும், மறுபடி தீ. மழை நாளில் பெரும்பாடு. இப்போது இரும்பு வளையமும் பிளாஸ்டிக் முகமும் வந்துவிட்டன. தீ தேவையில்லை. என் காதுக்கு அது வறண்ட ஒலி, தோலின் அடிக்கார்வை அதில் இல்லை. நஷ்டம்தான், மழுப்புவானேன்?

ஆனால் தோலுக்குத் திரும்பு என்று நம்மவர்கள் எழுதும்போது ஒன்றை வசதியாக மறக்கிறார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் சாவுக்குத் தப்படிப்பதும் ஒரே ஜாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தன. வாத்தியத்தின் பெயரே வசையாயிற்று. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று மறுத்ததும் இந்த மரபின் சரித்திரம்தான். கிடாரின் பூச்சை மீட்பதுபோல் இதன் தோலை மட்டும் தனியே மீட்டுவிட முடியுமா? கூடவே ஒட்டிக்கொண்டு வருவதை யார் சுரண்டி எடுப்பது?

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் தப்பெடுத்து மேடையில் ஆடியபோது மாறியது தோலல்ல, அடிக்கும் கை; கேட்பவன் உட்கார்ந்திருந்த இடம். எனக்கு அதுதான் செப்பனிடல் என்று படுகிறது. அவர்கள் தோலைத் தேர்ந்தால் அது அவர்கள் தேர்வு. முகூர்த்த நாளில் மூன்று ஊர் போகிற மேளக்காரர் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தால் அதுவும் அப்படித்தான். அவரைக் கேட்டு யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள். சென்னையிலிருந்து வரும் கட்டுரைகள் போதும்.