குலவரலாற்றில் விடுபட்டோர்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்ப வரலாறுகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மணிவிழா மலர்களிலும் நினைவு மலர்களிலும், குடும்பத்தார் தாமே அச்சிட்டு உறவினர்க்கு வழங்கும் சிறு நூல்களிலும் சிங்கப்பூர்த் தமிழர் தம் முன்னோர் வரலாற்றை எழுதி வருகின்றனர். இவற்றைப் பயில்வோர் ஒரே தொடக்கத்தை மீண்டும் மீண்டும் காண்பர். ஊரில் நிலமும் மதிப்பும் உடைய ஒருவர் கப்பலேறுகிறார். சில ஆண்டுகளில் செல்வராகிறார். கோயிலுக்குக் கொடை அளிக்கிறார். அவர்தம் வழித்தோன்றல்களே நாங்கள் என நூல் நிறைவுறுகிறது. இவ்வெழுத்துவகையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சான்று இல்லாத இடத்தைப் புகழுரையால் நிரப்பும் குலவரலாறு உண்மையான முன்னோரை மறைத்துவிடுகிறது என்பதே நாம் இங்கு நிறுவ விழைவது.

மெய்க்கீர்த்தி மரபின் தொடர்ச்சி

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் குலத்தைக் கதிரவனிலிருந்து தொடங்கி, புராண அரசர் பலரைக் கடந்தே விசயாலயனை வந்தடைகின்றன. கல்வெட்டறிஞர் அதனால் அச்செப்பேடுகளை ஒதுக்குவதில்லை. புராணம் எங்கே முடிகிறது, வரலாறு எங்கே தொடங்குகிறது எனப் பிரித்துக் காண்கின்றனர். குடும்ப வரலாறுகளுக்கும் இதே அணுகுமுறை வேண்டும்.

சிங்கப்பூரில் இத்தகைய கதைகளுக்கு முன்மாதிரியாக நிற்பவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் வந்த அவர் செங்கற்சூளை அமைத்தார். துணி வணிகத்தில் ஈடுபட்டார். 1822ஆம் ஆண்டுத் தீயில் பொருளிழந்து மீண்டும் எழுந்தார். 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் மாரியம்மன் கோயில் எழக் காரணமானார். நிலத்தோடும் கோயிலோடும் ஆட்சியாளரோடும் அவர் கொண்ட தொடர்பே இச்செய்திகளை இன்றளவும் காத்துள்ளது. உடைமை இருந்த இடத்தில் ஆவணம் இருந்தது என்பதே இதன் பொருள். ஆயினும் மலர் எழுதுவோர், உடைமை ஏதுமின்றி வந்த தம் மூதாதையையும் மற்றுமொரு நாராயண பிள்ளையாகவே வரைய முற்படுகின்றனர்.

பெயரும் ஈமமும் பட்டமும்

குடும்பப் பெயரைத் தலைமுறைதோறும் காக்கும் சீனர்க்குக் குலமரபு நூல்கள் துணை நிற்கின்றன. தமிழர் பெயரோ தலைமுறைதோறும் மாறுவது. தந்தையின் பெயர் மட்டுமே மகன் பெயரோடு சேர்ந்து வரும். தாயின் பெயர் அங்கும் இல்லை. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன் என்னும் வழக்கு மற்றொரு சிக்கலை விளைக்கிறது. இராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் இராமசாமி எனச் செல்லும் குடும்பத்தில் பாட்டனும் பேரனும் ஏட்டில் ஒருவராகிவிடக் கூடும். ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டமை இதனை மேலும் கடினமாக்குகிறது.

ஈமச் சடங்கும் சான்றைக் குறைத்தது. எரியூட்டி நீரில் சாம்பலைக் கரைப்போர்க்குக் கல்லறை எழுத்து இல்லை. புதைக்கப்பட்டோர்க்கும் நிலம் நிலையாகவில்லை. பிடாடாரி இடுகாட்டின் கல்லறைகள் 2001 முதல் தோண்டி அகற்றப்பட்டன.

சாதிப் பட்டம் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மேற்கொண்ட பயணமும், 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் பட்டம் துறக்கும் எண்ணத்தை வளர்த்தன. அது சமூகத்துக்குப் பெரும் நன்மை. எனினும் குலவரலாறு எழுதுவோர் பற்றி நடக்கும் நூல் ஒன்று அதனால் அறுந்தது. அந்நூலை மீண்டும் தேடுவோர், பட்டத்தையும் உடன் மீட்டெடுக்கும் இடர் உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏட்டில் இருந்தும் ஏற்கப்படாதோர்

1825இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். 1873இல் அவ்வமைப்புக் கலைக்கப்படும்வரை சாலைகளும் கட்டடங்களும் அவர்தம் உழைப்பால் எழுந்தன. தூய ஆண்டுரு பேராலயம் அவற்றுள் ஒன்று. விடுதலை பெற்றோருள் பலர் இங்கேயே குடியமர்ந்தனர். பெயர், குற்றம், தண்டனைக்காலம் எனக் கைதியைப் பற்றி அரசு எழுதி வைத்தது. தானே கப்பலேறி வந்த தொழிலாளியைப் பற்றி அத்துணை விரிவாக எழுதவில்லை. ஆகவே தொடக்ககாலத் தமிழருள் ஆவணத்தால் மெய்ப்பிக்கத்தக்க மூதாதை பல வேளைகளில் கைதியே. அவரையோ மலர்கள் ஏற்பதில்லை.

நம் மாணவி ஒருவர் தம் குடும்ப மரத்தை ஆய்வேட்டில் வரைந்தபோது கொள்ளுப்பாட்டனாரை ‘வணிகர்’ எனக் குறித்திருந்தார். சான்று யாது என வினவினோம். பெரியப்பா எழுதிய நினைவு மலரில் அவ்வாறு உள்ளது என்றார். பாட்டியாரிடம் கேட்டு வருமாறு கூறினோம். “வணிகமா? தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கினார்” என்பதே பாட்டியார் தந்த விடை. ஒரு சொல்லால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அழிக்கப்பட்டிருந்தது.

அமெரிக்கர் கற்ற பாடம்

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தோரின் வழியினர் எனக் கூறுதல் அமெரிக்காவில் பெருமைக்குரியதாயிற்று. அப்பெருமையை விரும்பிய செல்வர்க்குப் பொய்க் குலவரலாறு செய்து விற்ற குஸ்தாவ் ஆன்ஜூ போன்றோரும் தோன்றினர். டொனால்ட் ஜேக்கபஸ் முதலிய ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டில் இப்போக்கைக் கடுமையாக மறுத்து, ஒவ்வொரு தலைமுறை இணைப்பிற்கும் தனிச்சான்று வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தினர். 1897இல் அமைந்த மேஃபிளவர் வழித்தோன்றல்கள் சங்கமும் உறுப்பினர் ஆவோரிடம் தலைமுறைதோறும் ஆவணம் கோருகிறது.

எனினும் அந்நெறியை அப்படியே இங்குப் பொருத்துதல் பொருந்தாது. திருச்சபைப் பதிவும் கல்லறைக் கல்லும் உடையோர்க்கு வகுக்கப்பட்ட அளவுகோல் அது. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976இல் வெளிவந்தபோது அடிமைகளாக்கப்பட்டோரின் வழியினர் தம் வேர்களைத் தேட அது தூண்டியது. அதன் குலவரலாற்றை ஆவணங்கள் தாங்கவில்லை எனப் பின்னர் ஆய்வாளர் காட்டினர். நூலின் ஆற்றலும் உண்மை. அதன் பிழையும் உண்மை. வாய்மொழியைப் போற்றுதல் வேண்டும். அதனை ஆவணம் போல் காட்டுதல் கூடாது என்பதே நாம் பெறும் படிப்பினை.

மலாக்கா செட்டிகளும் தாய்வழியும்

நம் பகுதியிலேயே மற்றொரு சான்று உண்டு. மலாக்காவில் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய தமிழ் வணிகரின் வழியினரான மலாக்கா செட்டிகளுள் ஒரு பகுதியினர் சிங்கப்பூரில் வாழ்கின்றனர். மலாய் பேசும் இவர்கள் சைவ வழிபாட்டை விடாது காத்தனர். லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் இவர்களைப் பற்றிய கண்காட்சியை நடத்தியது. பொங்கலையொட்டி வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை அழைக்கும் ‘பார்ச்சு’ சடங்கு இவர்களிடம் உண்டு. தந்தைவழிப் பட்டங்கள் இச்சமூகத்தில் நிலைத்தன. ஆனால் அவ்வணிகர் மணந்த உள்ளூர்ப் பெண்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. இவர்கள் நாவில் வாழும் மொழியும் அடுக்களையில் வாழும் சுவையும் பெரிதும் அப்பெண்கள் தந்தவை. எனவே பெயர் வரிசை மட்டும் குலவரலாறு ஆகாது என்பது தெளிவு.

முடிவுரை

நாம் முன்வைக்கும் நெறி எளிது. ஆவணத்தால் அறிந்தது, வாய்மொழியால் கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் குலவரலாறு தனித்தனியே காட்டல் வேண்டும். அறியாத இடத்தில் ‘அறியோம்’ என எழுதுதல் வேண்டும். 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நடுவத்தின் பதிவுகளும், 1887இல் தோன்றிய ‘சிங்கைநேசன்’ போன்ற இதழ்களும் இப்பணிக்கு உதவும்.

வகுப்பில் குடும்ப மரம் வரையப் பணிக்கும் தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்புண்டு. பாட்டனாரோடு நின்றுவிடும் மரத்தைக் கொண்டுவரும் பிள்ளை, ஏழு தலைமுறை எழுதிய பிள்ளையின் அருகில் நாணி நிற்கலாகாது. அவ்வெற்றிடம் அக்குடும்பத்தின் குறையன்று. எழுதி வைக்கத் தவறியோரின் குறை. அதனை நேர்மையாக விட்டுவைத்தலே மூட்டை சுமந்த அம்முன்னோர்க்கு நாம் செய்யும் முதல் மரியாதை எனலாம்.