காணாமற்போன நாயும் கதை கூறும் முறையும்

நாய் மனிதனைத் தேடிய கதைகள் உலக இலக்கியத்திற் பல. மனிதர் நாயைத் தேடிய கதைகளோ மிகச் சில. இவ்வேறுபாடு ஆராயத்தக்கது. நாயின் நன்றியைப் பாராட்டுவது மனிதனுக்கு எளிது. அதனால் அவனுக்கு யாதொரு செலவுமில்லை. நாய்க்குத் தான் பட்ட கடனை ஒப்புக்கொள்வதே அரிது. ஒரு குடும்பம் தன் வேலையையும் கூலியையும் விட்டுக் காணாமற்போன நாயைத் தேடிப் புறப்படும்போது அக்கடன் செயலாகின்றது. அச்செயலை இலக்கியம் எங்ஙனம் கண்டது, நம் மலையக வாழ்வில் அதற்குள்ள இடம் யாது என்பவற்றை நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஹோமரின் ஒடிசியில், இருபது ஆண்டுகளின்பின் மாறுவேடத்தில் மீளும் தலைவனை ஆர்கோஸ் என்னும் முதிய நாய் கண்டறிகின்றது, வாலசைக்கின்றது, உயிர் விடுகின்றது. தலைவனோ தன்னை வெளிப்படுத்த இயலாமல் மறைவாகக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நடக்கின்றான். யப்பானில் 1925இல் இறந்த பேராசிரியர் ஒருவருக்காக ஹச்சிக்கோ என்னும் நாய் 1935இல் தான் இறக்குமளவும் சிபுயா புகைவண்டி நிலையத்திற் காத்திருந்தது. இரண்டிடத்தும் காத்திருப்பது நாயே. போற்றப்படுவதும் நாயின் பொறுமையே.

நம் மரபிலும் நாயின் நன்றி பேசப்பட்டது. நாயின் இளமைப் பெயரைத் தொல்காப்பியம் மரபியலில் வகுத்துரைக்கும். தன்மேல் வேல் தைத்த நிலையிலும் வாலைக் குழைக்கும் நாயை நல்ல நட்புக்கு நாலடியார் உவமையாக்கும். எனினும், மனிதன் நாய்க்குச் செய்யவேண்டிய கடமையை எடுத்துரைத்த பெருமை மகாபாரதத்துக்கே உரியது. ஆதிபருவத்தில், வேள்விக்களத்தை அணுகிய நாயொன்றைச் சனமேசயனின் தம்பியர் அடிக்கின்றனர். அதன் தாயாகிய சரமை வந்து, குற்றமற்ற என் மகனை ஏன் அடித்தீர் என வினவுகின்றாள். விடை கூறுவாரில்லை, அவள் சபிக்கின்றாள். பதினேழாம் பருவமாகிய மகாபிரஸ்தானிகத்திலோ, தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டுத் துறக்கம் புகேன் எனத் தருமன் இந்திரனிடம் மறுத்துரைக்கின்றான். தொடக்கத்தில் விடையின்றி நின்ற தாயின் வினாவுக்கு முடிவில் ஓர் அரசன் விடை கூறினான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விடயத்தை வறுமையோடு சேர்த்துக் கண்டவர் எரிக் நைட். 1940இல் வெளிவந்த 'லாஸி கம் ஹோம்' என்னும் நாவலில், யோர்க்சயர்ச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வேலையிழந்து தம் நாயைப் பிரபு ஒருவருக்கு விற்கின்றார். ஸ்கொத்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட நாய் நெடுந்தூரம் நடந்து தன் வீடு சேர்கின்றது. இங்கும் நடந்து வருவது நாயே எனினும், ஏழையின் வீட்டிலிருந்து நாய் நீங்கும்போது அவ்வீட்டாரின் மானமும் உடன் நீங்குகின்றது என்பதை நைட் நன்குணர்த்தினார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவை உலகம் ஒரு திரைப்படத்தால் அறியும். டேவிட் லீன் 1957இல் வெளியிட்ட அப்படத்துக்காக, குவாய் ஆற்றுப் பாலம் இங்கே களனி கங்கையின்மீது கட்டப்பட்டது; தகர்க்கவும்பட்டது. சயாம் நாட்டுக் கதையொன்றுக்கு நிலைக்களமாய் நின்ற இம்மலைச்சாரல் தன் சொந்தக் கதைகளுக்கும் நிலைக்களமாதல் வேண்டும்.

இங்கே லயத்துக் குடும்பம் ஒன்றின் நாய் ஒரு மழைநாளிற் காணாமற்போயிற்று என்று கொள்வோம். தேடுவோர் முதலில் அடுத்த காம்பராவிற் கேட்பர், பின் தேயிலை மலையிலும் இறப்பர் மரங்களினூடும் கூவியழைப்பர், ஆற்றங்கரைக்கு இறங்குவர். அங்கும் காணாவிடின் தோட்ட எல்லையைக் கடந்து சிங்களக் கிராமத்துக்குச் செல்லல் வேண்டும்; அங்கே 'பல்லா' என்று சொல்லி விசாரித்தல் வேண்டும். துரையின் பங்களா வாயிலில் தயங்கி நிற்றல் வேண்டும். காட்டோரத்திற் சிறுத்தையை எண்ணி அஞ்சுதல் வேண்டும். இவ்வளவும் காலைப் பிரட்டுக்கு முன் முடிதல் வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் விழாது. நாய் எல்லைகளை அறியாது. தேடுபவனோ ஒவ்வோர் எல்லையிலும் தான் யார் என்பதை அறிகின்றான். ஆதலின் இத்தேடல் ஒரு தோட்டத்தின் முழு அமைப்பையும் காட்டவல்ல கதைக்கருவாகும்.

இதனை எழுதப் புகுவோர் இரு குற்றங்களை விலக்குதல் நன்று. ஒன்று, கண்ணீரை மிகுத்தல். மற்றொன்று, நாயைத் தொழிலாளியின் உருவகமாக்குதல். தொழிலாளியை நாய்க்கு ஒப்பிட்டு இரங்குவது அவனை உயர்த்துவதன்று. நாய் நாயாகவே இருக்கட்டும். அதன்மேல் அன்புவைக்கும் மனிதன் முழு மனிதனாகத் தோன்றட்டும். கொழுந்தின் நிறையாலும் பேரின் எண்ணிக்கையாலும் அளக்கப்பட்டவன், எவ்வகைக் கணக்கிலும் அடங்காத ஓர் உயிருக்காக அரைநாட் கூலியை இழக்கத் துணியும்போது, அவன் யார் என்பது விளங்கும்.

இத்தேடலுக்கே இடமில்லாத காலமும் ஒன்றிருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. தலைமன்னாரிற் கப்பலேறியோரின் கடவுச்சீட்டில் மனிதரின் பெயர்க்கே இடமுண்டு. லயத்து வாசலிற் கிடந்த நாய்க்கு அதில் இடமில்லை. அங்கே காணாமற்போனது நாயன்று, குடும்பமே. தருமனுக்காவது மறுத்துரைக்கும் உரிமை இருந்தது. துறக்கத்துக்கன்றி, அறியாத ஊருக்குப் புறப்பட்ட இவர்களுக்கு அவ்வுரிமையும் இருக்கவில்லை.

எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. சட்டம் மனிதரை எண்ணும். அவர்கள் விட்டுச்சென்றவற்றை எண்ணாது. அக்கணக்கை எழுதுதல் இலக்கியத்தின் பணி. ஒரு நாயைத் தேடி மலையேறிய குடும்பத்தின் கதையை உள்ளவாறு எழுதுபவர், அம்மலையின் வரலாற்றையே எழுதியவராவர்.