காணாமல் போன ‘ஷ’

நண்பர் ஒருவர் இணையத்தில் சிறுகதைத் தளம் நடத்திவந்தார். 2004ல் ஒரு நாள் வாசகர் ஒருவரிடமிருந்து அவருக்குக் கடிதம். ‘உங்கள் தொடர்கதையில் மாமியார் பாலில் விம் கலந்து கொடுக்கிறாள். பாத்திரம் தேய்க்கிற பவுடரில் கொலை செய்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லையே?’

நண்பர் போய்ப் பார்த்தார். விம்தான். எழுத்தாளர் அனுப்பியது விஷம். கதாநாயகி உஷா, வெறும் ஒரு ‘உ’வும் பக்கத்தில் ஆதரவற்ற துணைக்காலுமாக நின்றுகொண்டிருந்தாள். ‘ஒரு விஷயம் சொல்லணும்’ என்று ஆரம்பிக்க வேண்டிய காதலன் ‘ஒரு வியம் சொல்லணும்’ என்றான். விஷவாயு என்ற வார்த்தையில் ஷ, வ இரண்டும் போய் நடுவில் நீளமாக ஒரு காலியிடம். பழைய அத்தியாயங்களில் எல்லாம் சரியாக இருந்தது. சர்வரை மாற்றிய பிறகு ஏற்றிய அத்தியாயங்களில்தான் ‘ஷ’ காணோம்.

காரணத்தைச் சொல்ல கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் பரவாத நாட்களில், குறிப்பாக இலங்கைத் தமிழர்களிடையே, பாமினி என்ற எழுத்துரு பிரபலம். அதில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. நாம் ஆங்கில எழுத்துகளைத் தட்டுவோம், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடும். ஜே தட்டினால் த. கே தட்டினால் ம. ஆங்கில எழுத்துகள் நமக்குப் போதாது என்பதால் குறியீடுகளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அரைப்புள்ளி நம் மெய்ப்புள்ளி ஆயிற்று. இடதுபக்கம் சாய்ந்த கோடு, அதாவது பேக்ஸ்லாஷ் (\), நம் ‘ஷ’ ஆயிற்று.

அந்தக் கோட்டுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1961ல் பாப் பீமர் என்ற அமெரிக்கர் அதைக் கம்ப்யூட்டரின் எழுத்து வரிசையில் சேர்த்தார். ஆல்கால் என்ற மொழியில் ‘மற்றும்’, ‘அல்லது’ என்பதற்கான கூரை வடிவக் குறிகளை இரண்டு சாய்கோடுகளை ஒட்டவைத்து எழுதலாம் என்பது அவர் கணக்கு. அந்த உபயோகம் மறைந்துபோய், பிற்பாடு வந்த மொழிகளில் அதற்கு வேறு உத்தியோகம் கிடைத்தது: ‘எனக்கு அடுத்து வருகிற எழுத்தை வழக்கமான அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதே’ என்று எச்சரிக்கும் காவல்காரன். மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸும் அதை அப்படித்தான் பார்க்கிறது. எச்சரிக்கை முடிந்ததும் காவல்காரனைத் தூக்கிப் போட்டுவிடும். நம் உஷா விஷயத்தில் காவல்காரனே கதாநாயகியின் பெயரில் பாதி.

இனி விமர்சனம். சினிமாவையும் கவிதையையும் மட்டும்தான் விமர்சிக்கவேண்டும் என்று சட்டமில்லை. ஒரு மென்பொருள் முடிவையும் விமர்சிக்கலாம். நான் எடுத்துக்கொள்வது பிஹெச்பி மொழியில் பல வருஷம் இருந்த ‘மேஜிக் கோட்ஸ்’, அதாவது மாய மேற்கோள்கள். பெயரிலேயே மந்திரம் இருக்கிறதா, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வலைப்பக்கத்தில் பெயரைக் கேட்கிறார்கள், நீங்கள் ‘முத்து’ என்று தட்டுகிறீர்கள். உள்ளே இருக்கும் ப்ரோக்ராம் அதை வைத்து ஒரு வாக்கியம் தயாரிக்கிறது: பெயர் = 'முத்து' என்று உள்ளவரைத் தேடு. இதை டேட்டாபேஸிடம் கொடுக்கிறது. சிக்கலில்லை. அடுத்து அயர்லாந்துக்காரர் ஒருவர் வந்து ஓ'பிரையன் என்று தட்டுகிறார். பெயர் = 'ஓ'பிரையன்'. டேட்டாபேஸ் ‘ஓ’வோடு பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் பிரையன் ஏதோ தெரியாத கட்டளை. கோபித்துக்கொண்டு நின்றுவிடும்.

நின்றுவிட்டால் நல்லது. விஷமக்காரன் ஒருவன் பாஸ்வேர்டு கட்டத்தில் ' அல்லது '1'='1 என்ற பொருளில் தட்டினால்? பாஸ்வேர்டு = '' அல்லது '1'='1' என்று வாக்கியம் தயாராகும். ஒன்றும் ஒன்றும் என்றைக்கும் சமம். கதவு திறந்துவிடும்.

அந்தக் காலத்தில் பாட்டி சொல்லச் சொல்ல பேரன் இன்லண்ட் லெட்டர் எழுதுவான். ‘இங்கே எல்லோரும் சௌக்கியம். இருடா, பால் பொங்குது.’ அசட்டுப் பேரன் பால் பொங்குவதையும் எழுதிவிடுவான். பாட்டியின் கடிதம் எது, பேரனுக்கான கட்டளை எது என்று அவனுக்குப் பிரிக்கத் தெரியாது. வெறும் வாக்கியத்தைக் கையில் வாங்குகிற டேட்டாபேஸ் அந்தப் பேரன்தான். (தமிழுக்கு ஒரு சௌகரியம்: நம் ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது, ‘என்று’ வந்தால் மேற்கோள் முடிந்தது என்று பொருள். எங்கே ஆரம்பித்தது என்பதுதான் அங்கே தகராறு. கம்ப்யூட்டரில் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஒரே குறி என்பதால் இரண்டுமே தகராறு.)

பிஹெச்பிக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வலைப்பக்கத்திலிருந்து என்ன வந்தாலும், வாசலிலேயே நிறுத்தி, அதிலுள்ள மேற்கோள் குறி, பேக்ஸ்லாஷ் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷைச் செருகிவிடுவது. ப்ரோக்ராமர் கேட்கவேண்டியதில்லை, தானாக நடக்கும். மொழியைப் புதிதாகக் கற்றுக்கொண்டு வலைத்தளம் கட்ட வந்தவர்களைக் காப்பாற்றுகிற எண்ணம். நல்ல எண்ணம்தான். அதை நான் குறை சொல்லவில்லை.

குறை, இடத்தில். வாசலில் நிற்கிறவனுக்கு வந்த சரக்கு எங்கே போகப்போகிறது என்று தெரியாது. எல்லாமே டேட்டாபேஸுக்குப் போவதில்லை. சிலது மெயிலாகப் போகும், சிலது திரையில் அப்படியே திரும்ப வரும். அதனால்தான் அந்நாட்களில் பல தளங்கள் ‘வருக ஓ\'பிரையன்’ என்று வரவேற்றன. டேட்டாபேஸுக்கே போனாலும் எந்த டேட்டாபேஸ்? எஸ்க்யூஎல் தரப்படி மேற்கோளைக் காப்பாற்ற அதை இரண்டு முறை எழுதவேண்டும். ஆரக்கிள் அப்படித்தான் எதிர்பார்க்கும். பேக்ஸ்லாஷைக் கண்டால் அது இன்னொரு சாதாரண எழுத்து, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் ஒரே மருந்து கொடுத்தார்கள், அது ஒரு வீட்டு நோய்க்கான மருந்து.

அதைவிட மோசம், இந்த வசதியை சர்வர் வைத்திருப்பவர் இஷ்டப்படி போடலாம், அணைக்கலாம். ஒரே ப்ரோக்ராம் ஒரு சர்வரில் ஒழுங்காக ஓடும், இன்னொன்றில் கெடும். நண்பரின் தளத்துக்கு நடந்தது இதுதான். பழைய சர்வரில் மாயம் இருந்தது, ஒவ்வொரு ‘ஷ’வுக்கும் ஒரு காவல்காரன் கிடைத்தான். புது சர்வரில் அணைத்து வைத்திருந்தார்கள். ‘ஷ’ தானே காவல்காரனாகி வெளியே போய்விட்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை.

கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து, ப்ரோக்ராமிலேயே கோடு செருகும் ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தான். ‘ஷ’ திரும்பி வந்தது. ஒரு மாதம் சந்தோஷம். பிறகு சர்வர் கம்பெனி பாதுகாப்புக்காக என்று மாயத்தைப் போட்டுவிட்டது. இப்போது இரண்டு காவல். உஷஷா. திருத்தி மறுபடி சேமித்தால் நான்கு ‘ஷ’. அடுத்த திருத்தத்தில் எட்டு. யாரோ பாம்பை விரட்டுகிற மாதிரி. ஓ'பிரையன்களுக்கும் இதே கதி, கணக்கு மட்டும் வேறு: முதலில் ஒரு கோடு, பிறகு மூன்று, ஏழு, பதினைந்து.

இவ்வளவு அவஸ்தைக்கும் ஈடாகப் பாதுகாப்பாவது கிடைத்ததா என்றால், அதுவும் அரைகுறை. கட்டுரை எண் 5ஐக் காட்டு என்கிற மாதிரி, எண்ணைச் சுற்றி மேற்கோள் போடாமல் எழுதுவது வழக்கம். அங்கே ‘5 அல்லது 1=1’ என்று தட்டுகிறவனுக்கு மேற்கோள் குறியே வேண்டாம். மாயம் பார்த்துக்கொண்டு நிற்கும். சீன மொழிக்கான ஜிபிகே முறையில் இரண்டு பைட் சேர்ந்து ஒரு எழுத்து, இரண்டாவது பைட் பேக்ஸ்லாஷின் எண்ணாகவும் இருக்கலாம். முன்னால் ஒரு பாதி எழுத்தைத் தட்டிவிட்டால், செருகிய கோடு அதோடு ஒட்டிக்கொண்டு முழு எழுத்தாகிவிடும், மேற்கோள் தப்பித்துவிடும். ஜப்பானியர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. அவர்களுடைய ஷிஃப்ட் ஜிஸ் முறையில் ‘ஸோ’ என்ற எழுத்தின் பின்பாதி பேக்ஸ்லாஷ். இப்படி வம்பு பண்ணும் எழுத்துகளுக்கு ‘உதவாத எழுத்துகள்’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். உஷாவுக்கு டோக்கியோவில் சொந்தக்காரர்கள்.

பிஹெச்பியில் மேற்கோளைக் காப்பாற்ற ஒரு செயல்கூறு முதலில் வந்தது. அது சரியில்லை என்று இன்னொன்று கொண்டுவந்தார்கள். அதன் பெயரில் ‘ரியல்’ என்று ஒரு வார்த்தை. முதலாவது என்ன, பொய்யா?

எனக்கு முக்கியமான ஆட்சேபம், சரியான வழி அப்போதே தெரிந்திருந்தது என்பது. ஜாவாவில் 1997லேயே வந்துவிட்டது. பெர்ல் மொழிக்காரர்களும் தொண்ணூறுகளிலேயே உபயோகித்தார்கள். வங்கிச் சலான் மாதிரி அது. அச்சடித்த வாசகம் தனி, நாம் நிரப்பும் கட்டம் தனி. பெயர்க் கட்டத்தில் ‘மேனேஜரை சஸ்பெண்ட் செய்யவும்’ என்று எழுதிக்கொடுங்களேன், கிளார்க் அதை வினோதமான ஒரு பெயர் என்று நினைப்பாரே தவிர மேனேஜர் வேலைக்கு ஆபத்தில்லை. டேட்டாபேஸுக்கு முதலில் காலிக் கட்டத்தோடு வாக்கியத்தை அனுப்பிவிட்டு, பெயரைத் தனியாக அனுப்புவது. எதற்கும் கோடு செருகவேண்டாம். ஓ'பிரையன் ஓ'பிரையனாகவே போய்ச் சேருவார். உஷாவும்.

பிஹெச்பி தன் தவறை ஒப்புக்கொண்டது. 2009ல் மாயத்தை உபயோகிக்காதீர்கள் என்றது, 2012ல் 5.4 பதிப்பில் எடுத்தேவிட்டது. ஆனால் வேர்ட்பிரஸ் இன்றும் உள்ளே வருவதற்கெல்லாம் தானாகவே கோடு செருகிக்கொண்டிருக்கிறது. இதை நம்பி எழுதப்பட்ட பழைய ப்ரோக்ராம்கள் ஏராளம், நிறுத்தினால் அவை உடையும் என்கிறார்கள். உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸ். போனவர் போனாலும் அவர் வைத்த பழக்கம் போகவில்லை.

இது ஏதோ எழுத்துப்பிழைச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடப்பட்டன. அதில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்களும் உண்டு. வழி, இதே பாதுகாக்கப்படாத பழைய வலைப்பக்கங்கள். கைதானவர்களில் பதின்வயதுப் பையன்களும் இருந்தார்கள். அடுத்த வருஷம் 4 லட்சம் பவுண்டு அபராதம் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், மேற்கோளைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் செயல்கூறுகளில் ஓட்டை இருப்பதாக அறிவித்துத் திருத்தினார்கள். சிதைந்த யூனிகோட் எழுத்து ஒன்றை முன்னால் வைத்தால் ஏமாந்துவிடுகிறதாம். சீனத்துப் பாதி எழுத்து ஞாபகம் வருகிறதா?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. சோம்பேறிகள். ‘ஸ்பெஷல் கேரக்டர் அனுமதி இல்லை’ என்று சிவப்பில் எழுதிவிட்டு ஓ'பிரையனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள். நம் ஊர்ப் பாரங்களில் இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பாருங்கள், உங்கள் பெயர் செல்லாது என்று பதில் வரும். அப்பா பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி, அது எப்படி ஸ்பெஷல் ஆயிற்று? ப்ரோக்ராம் தன் வேலையைச் சரியாகச் செய்யத் தெரியாததற்கு, பிறந்ததிலிருந்து இருக்கும் பெயரை நான் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மாய மேற்கோள்காரர்களாவது பெயரைக் காப்பாற்ற முயற்சி செய்தார்கள்.

பாட்டி-பேரன் குழப்பம் இப்போது பேசும் மெஷின்களிடம் வந்திருக்கிறது. இந்த மெயிலைச் சுருக்கிச் சொல் என்று கொடுத்தால், மெயிலுக்குள் யாரோ ஒளித்துவைத்த கட்டளையை எடுத்துக்கொண்டு ஓடுகின்றன. சைமன் வில்லிசன் என்பவர் 2022ல் இதற்கு ‘ப்ராம்ப்ட் இன்ஜெக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார், பழைய எஸ்க்யூஎல் வியாதியின் பெயரை ஒட்டி. இங்கே கட்டம் போட்ட சலான் இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.

நண்பர் சமீபத்தில் தன் பழைய தளத்தை யூனிகோடுக்கு மாற்றினார். பாமினியை மாற்றிக்கொடுக்கும் மென்பொருள்கள் எத்தனையோ உண்டு, நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் டேட்டாபேஸுக்குள் போகும்போதே தொலைந்த ‘ஷ’வை எந்த மென்பொருளும் கொண்டுவராது. எழுத்தாளர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், கையெழுத்துப் பிரதிகள் இல்லை. நண்பர் தினம் இரவு பத்து பக்கம் வீதம் உட்கார்ந்து கையால் ‘ஷ’ போட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் போன் செய்து ஒரு சந்தேகம் கேட்டார். கிராமத்துக் கதை ஒன்றில் கிழவி பேத்தியிடம் சொல்கிறாள்: ‘விம் எடுத்துட்டு வாடி.’ பக்கத்தில் கிணற்றடி, பாத்திரங்கள் இருக்கின்றன. மருமகள் மேல் கிழவிக்குக் கோபமும் இருக்கிறது.