பூட்ஸ்: மருந்து மேசையும் விற்பனை இலக்கும்

பிரிட்டனில் ஓரளவு பெரிய ஊர் எதுவானாலும் அதன் கடைவீதியில் பூட்ஸ் மருந்துக்கடையைப் பார்க்கலாம். வாசலை ஒட்டியே உதட்டுச்சாயமும் வாசனைத் தைலமும் அடுக்கியிருக்கும். மருந்துச் சீட்டோடு வருபவர் அவற்றையெல்லாம் கடந்து கடைக்கோடிக்குப் போகவேண்டும். நோயாளியை முகப்பூச்சு வாங்க வைக்கும் தந்திரம் இது என்று பலர் குறை சொல்வதுண்டு. அந்தக் குறை தவறான இடத்தில் விழுகிறது என்றே நினைக்கிறேன். முகப்பூச்சு விற்ற காசு இந்தக் கடைக்கு நல்லதே செய்திருக்கிறது. கேடு வந்தது, மருந்தாளுநரின் தீர்ப்பைவிட விற்பனை எண்ணிக்கை முக்கியமாகிப்போன இடங்களில்.

1849-இல் நாட்டிங்காமில் மூலிகைக் கடை வைத்தவர் ஜான் பூட். அதற்கு முன் பண்ணைக் கூலியாக இருந்தவர். 1860-இல் அவர் இறந்ததும் மனைவி மேரி கடையைத் தாங்கினார். மகன் ஜெஸ்ஸி பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் நின்றார். அந்த ஊரின் சரிகை, காலுறை ஆலைத் தொழிலாளிக்கு மருத்துவர் கட்டணமே எட்டாதது. மருந்து விலை அதற்கு மேல். ஜெஸ்ஸி மொத்தமாக வாங்கி, கடன் சொல்லாமல் ரொக்கத்துக்குக் குறைந்த லாபத்தில் விற்றார். அவர் படித்த மருந்தாளுநர் அல்லர். ஆனால் மருந்தாளுநர் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1880-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. அந்த வழியில் 1883-இல் நிறுவனம் பதிவானது; மறு ஆண்டு எட்வின் வேரிங் என்ற தகுதிபெற்ற மருந்தாளுநர் சம்பளத்துக்கு வந்தார். மருந்துச் சீட்டுகளுக்கான கட்டணம் இறங்கியது. மற்ற மருந்துக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். தொழில் தெரியாத முதலாளி, கூலிக்கு அமர்த்திய மருந்தாளுநர் என்ற அமைப்பு ஆபத்தானது என்பது அவர்கள் வாதம். அதில் பொறாமை இருந்தது, உண்மையும் இருந்தது. ஜெஸ்ஸி காலத்தில் ஏழைக்கு நன்மை செய்த அதே அமைப்புதான் பிற்காலத்தின் குறைகளுக்கும் இடம் கொடுத்தது.

அழகு கடைக்குள் வந்தது ஃபுளோரன்ஸ் வழியாக. ஜெர்சி தீவில் புத்தகமும் எழுதுபொருளும் விற்றவரின் மகள் அவர். 1886-இல் ஜெஸ்ஸியை மணந்தார். புத்தகம், அன்பளிப்புப் பொருள், ஒப்பனைப் பொருள் எல்லாம் அவர் கொண்டுவந்த சரக்கு. 1898-இல் தொடங்கிய வாடகை நூலகம் 1966 வரை நடந்தது. அதன் உறுப்பினர் மருந்து வாங்காத நாளிலும் கடைக்கு வந்தார். அப்படி வந்த பணம் மருந்தை மலிவாகவே வைத்திருக்க உதவியது. 1920-இல் நிறுவனம் அமெரிக்கர் கைக்குப் போய் 1933-இல் திரும்பியது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸில் ஆயிரமாவது கிளை திறந்தது. 1934-இல் பீஸ்டன் ஆலையில் கூலியைக் குறைக்காமல் வாரம் ஐந்து நாள் வேலை என்றார்கள். 1935-இல் நம்பர் செவன் என்ற அழகுப்பொருள் வரிசை வந்தது. இரண்டையும் செய்தது ஒரே நிர்வாகம் என்பதைக் குறை சொல்பவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கலப்பு வணிகத்தின் ஆகச் சிறந்த விளைவு நம் வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கிறது. பதினாறு வயதில் பூட்ஸ் கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர் ஸ்டூவர்ட் ஆடம்ஸ். பிறகு அதே நிறுவனத்தின் ஆய்வாளராகி, வேதியியலாளர் ஜான் நிக்கல்சனோடு ஆண்டுக்கணக்கில் நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சோதித்து இபுபுரோஃபென் கண்டுபிடித்தார். 1969-இல் அது பிரிட்டனில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைத்தது. புரூஃபென் என்ற அதன் வணிகப் பெயரைத் தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் மறுகேள்வி இல்லாமல் எடுத்துக் கொடுப்பார்கள். கடைப்பையனாக வந்தவரை விஞ்ஞானியாக வளர்க்க ஒரு சில்லறை வணிக நிறுவனத்துக்கு மனமும் காசும் இருந்தன. இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தோன்றவில்லை.

அந்த ஆய்வுப் பிரிவை 1995-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனத்துக்கு விற்றார்கள். பெரிதும் நம்பிய மனோபிளாக்ஸ் என்ற இதய மருந்தை 1993-இல் திரும்பப் பெறவேண்டி வந்திருந்தது. பின்வாங்கக் காரணம் இருந்தது. ஆனால் அதே பிரிவு அமெரிக்காவில் செய்த காரியத்துக்குச் சமாதானம் கிடையாது. அங்கே பூட்ஸ் விற்ற சிந்த்ராய்டு என்ற தைராய்டு மாத்திரையும் மலிவான மாற்று மாத்திரைகளும் ஒரே பலன் தருபவை என்று பெட்டி டாங் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பூட்ஸ். அதன் ஒப்பந்தத்தைக் காட்டி முடிவு அச்சேறாமல் தடுத்ததும் பூட்ஸ். கட்டுரை 1997-இல்தான் வெளிவந்தது. 2007-இல் முதலீட்டு நிறுவனமான கேகேஆரும் தொழிலதிபர் ஸ்டெஃபானோ பெசினாவும் சுமார் 11 பில்லியன் பவுண்டுக்கு, பெரும்பகுதி கடனில், பூட்ஸை வாங்கினார்கள். எல்லாக் கேட்டுக்கும் அந்தக் கடனே தொடக்கம் என்று சொல்பவர்களுடன் நான் முழுதாக உடன்படுவதில்லை; சிந்த்ராய்டு விவகாரம் அதற்கு முந்தியது. கடன் பழைய நோயை முற்ற வைத்தது.

முற்றியது எப்படி என்பதற்கு ஒரு சான்று போதும். இங்கிலாந்தில் நோயாளியை உட்காரவைத்து அவர் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிப் பேசும் சேவைக்கு அரசு மருத்துவத் துறை தலைக்கு 28 பவுண்டு தந்தது. ஒரு கடைக்கு ஆண்டில் 400 பேர் வரைதான் என்பது உச்சவரம்பு. பூட்ஸில் அந்த 400 அடைந்தே தீரவேண்டிய இலக்காக மாறியது, தேவையில்லாதவரையும் பேச்சுக்கு உட்கார வைக்கச் சொன்னார்கள் என்று மருந்தாளுநர்கள் 2016-இல் கார்டியன் நாளிதழிடம் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. என்னால் மருந்தாளுநர்களையே நம்ப முடிகிறது. தொழில் தர்மத்தை விட்டுக்கொடுத்தோம் என்று பொய்யாகச் சொல்வதால் அவர்களுக்கு ஆதாயம் ஏதுமில்லை.

இதன் சாயலை வேறு இடங்களிலும் காண்கிறேன். ஹோமியோபதி மாத்திரை பலன் தருவதற்குச் சான்று தம்மிடம் இல்லை, வாடிக்கையாளர் நம்புவதால் விற்கிறோம் என்று பூட்ஸ் அதிகாரி 2009-இல் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 2017-இல் அவசரக் கருத்தடை மாத்திரையை 28.25 பவுண்டுக்கு விற்றுக்கொண்டு, விலையைக் குறைத்தால் தவறான பயன்பாடு பெருகும் என்று பெண்களுக்குப் பாடம் நடத்தியது நிறுவனம். எதிர்ப்புக் கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அழகுப் பக்கம் சில நேரம் இதைவிட நேர்மையாக நடந்திருக்கிறது. நம்பர் செவனின் சுருக்கம் நீக்கும் பூச்சை மான்செஸ்டர் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 60 பேரிடம், போலிப் பூச்சோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பணம் பூட்ஸுடையது, ஆள் எண்ணிக்கை சிறியது. ஆனாலும் விளம்பரத்தை மட்டுமே நம்பி நடக்கும் ஒரு தொழிலில் இது அபூர்வம்.

அழகுப்பொருளை நீக்கி மருந்தை மட்டும் விற்கட்டும் என்பவர்கள் லாயிட்ஸ் மருந்துக்கடைகளுக்கு நேர்ந்ததைப் பார்க்கவேண்டும். இங்கிலாந்து அரசு மருந்துக்கடைகளுக்கான மொத்த நிதியை 2019 முதல் ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு 2.592 பில்லியன் பவுண்டிலேயே நிறுத்தியது. விலைவாசி ஏறியது, நிதி ஏறவில்லை. பெரிதும் மருந்துச் சீட்டையே நம்பியிருந்த லாயிட்ஸ் 2023-இல் கடைகளை விற்றும் மூடியும் கடைவீதியை விட்டே போனது. பூட்ஸும் அதே ஆண்டு 2,200 கிளைகளை 1,900 ஆகக் குறைக்கப்போவதாக அறிவித்தது, ஆனாலும் நிலைத்தது. அதற்கு உதட்டுச்சாயமும் ஒரு காரணம்.

2014-இல் முழுதாக வால்கிரீன்ஸ் என்ற அமெரிக்க மருந்துக்கடை நிறுவனத்தின் வசம் போன பூட்ஸ், 2025 ஆகஸ்டில் சிகமோர் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு வந்திருக்கிறது. இதற்கிடையில் 2024 ஜனவரி முதல், தொண்டை வலி, காதுவலி போன்ற ஏழு நோய்களுக்கு மருத்துவரிடம் போகாமலே மருந்தாளுநர் மருந்து தரலாம் என்று இங்கிலாந்து அனுமதித்தது. நல்ல திட்டம். ஆனால் ஆலோசனைக்குத் தலா 15 பவுண்டு, மாதத்துக்கு இத்தனை பேர் என்ற அளவைத் தொட்டால் கூடுதலாக 1,000 பவுண்டு என்று அதைத் தொடங்கினார்கள். 400 பேர் விவகாரத்தின் அதே அச்சு. இந்த முறை அரசே அளவையும் வைத்தது. இன்ன நோயாளிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லும் மருந்தாளுநரை மேலாளர் கேள்வி கேட்கக்கூடாது என்ற விதியை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டியவர்கள் அரசும் புதிய உரிமையாளர்களும்தான்.