சலமாண்டருக்குள் மனிதனைத் தேடியவர்கள்

காரெல் சாபெக் 1936-ல் எழுதிய 'சலமாண்டர்களோடு யுத்தம்' என்ற செக் நாவலை, ஆங்கில மொழிபெயர்ப்பில் ரெண்டாம் தடவையாகப் படித்து முடித்தேன். முதல் தடவை ஹிட்லர் காலத்து நையாண்டி என்று புரிந்துகொண்டு மூடி வைத்துவிட்டேன். அது தப்பில்லை. ஆனால் இந்தத் தடவை என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பிராணியின் பெயர்: ஆண்ட்ரியாஸ் ஷொய்க்ஸெரி.

இது சாபெக் உண்டாக்கிய பெயர் இல்லை. பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் சலமாண்டர் தவளைக்குத்தான் சொந்தம். 1726-ல் சூரிச் நகர மருத்துவர் ஷொய்க்ஸர், ஓய்னிங்கன் கல்குவாரியில் கிடைத்த ஒரு எலும்புக்கூட்டை 'பிரளயத்துக்குச் சாட்சியான மனிதன்' என்று அறிவித்தார். நோவா காலத்து வெள்ளத்தில் செத்த ஆளாம். கல்லில் தெரிந்தது மண்டையும் முதுகெலும்பும்தான்; மீதியை அவருடைய நம்பிக்கை நிரப்பிக்கொண்டது. 1811-ல் க்யூவியே, ஹார்லெம் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தக் கல்லைச் செதுக்கினார். சலமாண்டர் எலும்புக்கூட்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்னங்கால் இங்கே இருக்க வேண்டும் என்று கணித்தார். அங்கேயே இருந்தது. ஆண்ட்ரியாஸ் என்றால் மனித உருவம். ஆக, தப்புப் பண்ணியவரும் அவர் பண்ணிய தப்பும் சேர்ந்தே அறிவியல் பெயராகிவிட்டது.

சாபெக்கின் கதையில் இந்த இனம் சுமத்ரா பக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. முத்து எடுக்கப் பழக்குகிறார்கள். பிறகு அணை கட்ட விலைக்கு விற்கிறார்கள். லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஒன்று செய்தித்தாளே படிக்கிறது. ஹான்ஸ் என்று இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் கெட்டிக்கார உதவியாளன். மூளை ஆராய்ச்சியில் அவனுக்குக் கண் போய்விடுகிறது. கடைசியில் அவனையே சமைத்து, கறி எப்படி என்று குறிப்பு எழுதுகிறார்கள்.

ஷொய்க்ஸர் எலும்பைப் பார்த்து மனிதன் என்றார். இவர்கள் பேசுகிற உயிரைப் பார்த்துக் கறி என்கிறார்கள். எனக்கு ரெண்டும் ஒரே பிழையாகத்தான் படுகிறது. என் வேலையிலும் இது உண்டு. லாக் ஃபைலில் நாலு வரி பார்த்ததுமே 'டேட்டாபேஸ்தான் பிரச்சினை' என்று முடிவு கட்டிவிடுவோம். அப்புறம் மிச்ச வரியெல்லாம் அதற்குச் சாட்சி சொல்கிற மாதிரியே தெரியும்.

என் குறை கடைசி அத்தியாயத்தில்தான். சலமாண்டர்களின் தலைவன் உண்மையில் ஒரு மனிதன், பழைய பட்டாளத்துக்காரன் என்கிறார் சாபெக். 1936-ல் அதைச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவு தூரம் ஒரு வேற்று உயிரைக் கட்டி எழுப்பிவிட்டு, முடிவில் அதற்குள்ளும் ஒரு மனிதனையே வைப்பானேன்? ஷொய்க்ஸரைக் கிண்டல் செய்து ஆரம்பித்தவர், அவர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். சலமாண்டர் தன் பார்வையில் பேசுகிற ஒரு பக்கம்கூட நாவலில் இல்லை.

இருந்தாலும் படியுங்கள். நடுவில் பத்திரிகைத் துணுக்குகள் கொஞ்சம் இழுக்கும். அடிக்குறிப்புகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். ஹான்ஸ் அங்கேதான் இருக்கிறான்.

அதே ஆண்ட்ரியாஸ் பேரினத்தைச் சேர்ந்த சீன ராட்சத சலமாண்டர் இன்றும் உயிரோடு இருக்கிறது. கறிக்காகப் பண்ணைகளில் ஏராளமாக வளர்க்கிறார்கள். காட்டு ஓடைகளில் அது அழியும் விளிம்பில் நிற்கிறது.