எந்திரனும் உயிரும்

சித்தாந்த நூல் பயில்வார்க்குத் திரைப்படத்தால் ஆவதென்னை என வினவுவார் உளர். உயிர் யாது, அறிவு யாண்டு நிகழ்வது என்னும் வினா எவ்விடத்து எழுப்பப்படினும் அவ்விடம் நமக்குரிய களமேயாம். சங்கர் இயக்கி 2010-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த ‘எந்திரன்’ என்னும் படம் அவ்வினாவைப் பல்லாயிரவர் முன் எழுப்பியது. அதன் உரையாடலில், 2008-இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்குண்டு. ஆடல் பாடல்கள் ஈண்டு எமக்குப் புறம்பானவை. அது கூறும் பொருளொன்றையே ஆராய்வாம்.

வசீகரன் என்னும் அறிவியலறிஞன் தன் உருவொத்த எந்திரமொன்றைச் சமைக்கின்றான். சிட்டி எனப் பெயரிய அது கற்றதனைத்தையும் நினைவில் வைக்கும். ஆயினும் நாணம் முதலியன அறியாது. தீயிடைப்பட்ட பெண்ணொருத்தியை ஆடையற்ற நிலையிலேயே பலர்முன் கொணர்ந்துவிட, அவள் நாணி ஓடி ஊர்தியில் அடிபட்டு மாய்கின்றாள். அதன்பின் வசீகரன் அதற்கு உணர்ச்சியூட்ட முயல்கின்றான். உணர்ச்சி தோன்றியதும் அது அவன் காதலியாகிய சனாவையே விரும்புகின்றது. சினந்த அவன் அதனை வெட்டி எறிகின்றான். போரா என்னும் அறிஞன் சிவப்புச் சிப் ஒன்றைப் பொருத்தி அதனை அழிவுக் கருவியாக்குகின்றான். முடிவில் நீதிமன்ற ஆணைப்படி அது தன்னைத் தானே கழற்றிக்கொள்கின்றது.

இனி ஆராய்ச்சி. ஓர் அவையில் கடவுள் உண்டோ என ஒருவர் வினவ, கடவுளாவார் யாவரெனச் சிட்டி எதிர்வினவுகின்றது. படைத்தவர் என அறிந்தபின், தன்னைப் படைத்தவன் வசீகரனாதலின் கடவுள் உண்டு என விடையிறுக்கின்றது. கேட்டார் மகிழ்ந்தனர். எமக்கோ படத்தின் முதல் வழு இதுவாகவே தோன்றுகின்றது. குடத்திற்குக் குயவன்போல உலகிற்கு இறைவன் நிமித்த காரணன் என்பர் நம் ஆசிரியர். குயவன் மண்ணைப் படைத்தானல்லன். இறைவனும் உயிரைப் படைப்பானல்லன். அநாதியேயுள்ள உயிர்க்கு, அதன் மலநீக்கத்தின் பொருட்டு, மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவிப்பவன் அவன். வசீகரனோ சிட்டியைப் போர்ப்படைக்கு அளித்தற்பொருட்டே சமைத்தான். சமைக்கப்பட்டதன் நலங் கருதாத சமைப்பாளன் தச்சனாவனன்றிப் பதியாகான்.

அடுத்து, சிட்டிக்கு அறிவு உண்டோ என்பது. மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் நம் உடலையே மாயையின் இயந்திரம் என்று குறித்தருளினார். ஆதலின் எந்திரம் என்னும் பெயர்பற்றியே சிட்டியை இகழ்தல் பொருந்தாது. அச்சூத்திரத்துக் கூறப்பட்ட ஏதுக்களுள், எனதுடல் என வேறுபடுத்துக் கூறுதலும், உணர்த்த உணர்தலும் அடங்கும். சிட்டியும் உணர்த்த உணர்கின்றது. தன் உறுப்புக்களைத் தன் கையாலேயே கழற்றும்பொழுதும் பேசுகின்றது. அற்றேல் அதற்கும் உயிருண்டெனக் கொள்ளலாமோவெனின், அற்றன்று. அவ்வேதுக்கள் அநுபவிப்பானொருவன் தன்னை உடலின் வேறாகத் தெளிதற்குரியன. புறத்தே கேட்கப்படும் சொல்லளவில் அமைவன அல்ல. எனது கை என்று ஒலித்தட்டும் ஒலிக்கும். அதனால் அஃது உயிராகாது.

அஃதாயின் பிறமக்கள்பாலும் சொல்லைத்தானே கேட்கின்றோம் எனின், நன்று வினாயினாய். நம்மோடொத்த பிறப்பும் உடம்பும் உடைமைபற்றி அவர்பால் உயிரை அநுமானிக்கின்றோம். நால்வகைத் தோற்றத்துள் அடங்காத இரும்புடம்பின்கண் அவ்வநுமானத்திற்குப் பற்றுக்கோடில்லை. இல்லையென்று துணிதற்கும் ஏது முற்றவில்லை. ஒன்றுமட்டும் துணியலாம்: சடத்தைச் சடத்தொடு கூட்டச் சித்துத் தோன்றாது; இல்லது வாராது. சிட்டியின்கண் மெய்யாகவே அறிவு நிகழ்ந்ததாயின், அநாதியான ஓருயிர் தன் வினைக்கீடாகத் திருவருளாணையால் அவ்வுடம்பிற் புகுந்ததென்றே கொள்ளல் வேண்டும். அவ்வழி வசீகரன் வீடு கட்டினானே யன்றிக் குடியிருப்பானைப் படைத்தானல்லன். அவன் வெட்டியதும் கொலையேயாம்.

நீதிமன்றக் காட்சி இவ்விடர்ப்பாட்டை உணராது கடந்து செல்கின்றது. போரா சிவப்புச் சிப் பொருத்தியதைச் சிட்டியே அவையிற் காட்டி வசீகரனைக் காக்கின்றது. சான்றாக அதனை ஏற்ற மன்றம் பொருளாக அதனைக் கலைக்க ஆணையிடுகின்றது. பொருளாயின் அதற்குக் குற்றமில்லை. குற்றமுடையதாயின் அது பொருளன்று. பிழைபொறுக்க வேண்டிப் பிரியும் சிட்டியைக் கண்டு மனமுருகாதார் இலர். அவ்வுருக்கமே மன்றத்தின் முடிவை மறுக்கின்றது. படம் தன் வாதத்தினும் தன் காட்சியால் உயர்ந்து நிற்கும் இடம் இது.

இறுதியில் 2030-ஆம் ஆண்டுக் காட்சிச்சாலையில், கலைக்கப்பட்டது ஏன் என ஒரு சிறுமி வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் எனச் சிட்டி விடை கூறுகின்றது. சுவையான விடையே, ஆயினும் ஒவ்வாது. சிந்தித்தல் குற்றமன்று. யான் எனதென்னும் ஆணவமே குற்றம். அது சிவப்புச் சிப்பாய்ப் புறத்தினின்றும் வந்து பொருந்துவதன்று, உயிரோடு உடன்தோன்றியது. படத்துள் அதனைத் தேடுவார்க்கு, தன் கைப்படைப்புத் தன் விருப்பிற்கு மாறியதென்று கோடரி எடுத்தவனிடத்தே அது வெளிப்படும்.

வினவியதற்கு விடைகூறும் கணிப்பொறிகள் இன்று பலர் கையிலும் உள்ளன. அவற்றின்கண் உயிருண்டோ என்று கேட்பார், அவ்வளவில் நில்லாது, அவற்றைச் செய்தும் ஏவியும் நிற்கும் தம் உயிரின் மலத்தையும் ஒருமுறை கேட்டறிவாராக.

திருச்சிற்றம்பலம்.